பன்னிரண்டு பங்கு நோவாறு

மண்டி முதலாளி நல்லமுத்துவுக்கு அங்கண்ணன் கொடுக்க வேண்டியது ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய். அதில் அந்த முந்நூறுதான் அவனை அதிகமாக உறுத்தியது. லட்சம் எல்லாம் எங்கோ தூரத்தில் நிற்கிற யானை. முந்நூறு, செருப்புக்குள் புகுந்த கல்.

போன கார்த்திகையில் மகள் கல்யாணத்துக்கு ஆட்டுக்கறி பிரியாணி போட்ட வகையில் வந்த கடன் அது. கோழி போதும் என்றுதான் சம்பந்தியே சொன்னார். "மூட்டை தூக்கறவன் ஊட்டுக் கல்யாணம்னா கோழிதானாக்கும்?" என்று வீராப்பாக ஆட்டில் இறங்கியவன் அங்கண்ணன். கூடத் தூக்கும் ஆட்களிடம், "அத்தனையும் என்ற சேமிப்புடா" என்று வேறு அளந்துவிட்டிருந்தான். சேமிப்பு என்று அவன் சொன்னது நல்லமுத்துவின் பீரோவில் இருந்தது. அங்கண்ணனின் வீட்டுப் பத்திரமும் இப்போது அதே பீரோவில். வைகாசி முடிவதற்குள் பணம் வந்தால் பத்திரம் வெளியே வரும். வராவிட்டால் அங்கண்ணனும் அவன் பெண்டாட்டி வேலாத்தாவும் வெளியே வரவேண்டும்.

தூக்கினால் அடைகிற கடன்தான். ஆனால் தூக்க விடமாட்டேன் என்றது பிடரி.

ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கு வலிமானி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லை. பிடரியில் ஒட்டிவிட்டால், உடம்பு எவ்வளவு வலிக்கிறது என்று நூறுக்கு இத்தனை என எண் போட்டுச் சொல்லிவிடும். பல்லைக் கடித்தாலும் ஏமாறாது, ஊளையிட்டாலும் ஏமாறாது. அறுபதைத் தாண்டிவிட்டால், அது இறங்கும் வரை மூட்டையைத் தொடக் கூடாது என்பது சட்டம். தாண்டியவன் பக்கத்தில் வந்தால் கிடங்குக் கதவில் சிவப்பு எரியும், கதவு திறக்காது. சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான். தொழிலாளி வலியோடு தூக்கக் கூடாதே என்று கண்கலங்கிப் போட்ட சட்டம். தூக்காத நாளுக்குக் கூலி யார் தருவது என்று எழுதப்போன நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் வலித்தால் வலித்தபடி தூக்கிச் சம்பாதித்தார்கள். இப்போது வலித்தால் வலித்தபடி வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் வேலாத்தா கிணற்றடியிலிருந்து குடம் சுமந்துகொண்டிருப்பாள். அவள் பிடரியில் வில்லை இல்லை. அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள அரசாங்கத்துக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஆட்களுக்குப் பதிலாக ரோபோ வைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் தூசி மூட்டுக்குள் ஏறி, மூன்றாம் நாளே அது மூலையில் உட்கார்ந்துவிட்டது. மனுசனுக்கும் மூட்டில்தான் ஏறியது. மனுசனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அங்கண்ணன் மேஸ்திரி. அவன் கும்பலில் அவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மாசி பிறந்தபோது மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேர் சிவப்பாகிவிடும் நிலைமை. அப்போதுதான் டாக்டர் மிருதுளா சென்னையிலிருந்து வந்து இறங்கினார்.

மருந்தின் பெயர் நோவாறு. மஞ்சள் சாறும் இன்னும் ஏழு மூலிகையும் சேர்த்து உருட்டிய மாத்திரை. முதுகுவலி, மூட்டுவலி எல்லாம் போய்விடும் என்று கம்பெனி சொல்லிக்கொண்டது. போகுமா என்று ஆள்மேல் போட்டுப் பார்த்து நிரூபிக்க வேண்டும். செலவில் பாதி கம்பெனி, பாதி மண்டி வியாபாரிகள். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கு இரண்டு லட்சம்.

இரண்டு லட்சம் என்றதும் அங்கண்ணன் மனசுக்குள் பீரோ திறந்துகொண்டது.

"கேளுங்கண்ணா," என்றார் டாக்டர், கிடங்கு நிழலில் நின்றபடி. "உங்க பன்னிரண்டு பேர்ல ஆறு பேருக்கு நிஜ மருந்து. ஆறு பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"ஏனுங்கம்மா," என்றான் பொங்கியண்ணன். கும்பலில் அவனுக்குத்தான் வாய் அதிகம். அங்கண்ணனுக்கு மச்சினன் முறை. "ஆறு பேர ஏமாத்தறதுக்கா சென்னையிலருந்து வந்தீங்க? அத இங்கயே வெச்சுச் செய்யறதுக்கு ஆளில்லீங்களா?"

"ஏமாத்தலண்ணா. ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மருந்து சாப்பிட்டவங்களுக்கும் மாவு சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"மாவு தின்னவன் வலியோட கெடந்தாத்தான் உங்க மருந்து பாஸாவும். அதானுங்களே?"

டாக்டர் மறுக்கவில்லை. "கொஞ்சம் அப்படித்தான்," என்றார். நேர்மையான பொம்பளை என்று அங்கண்ணன் அப்போதே நினைத்துக்கொண்டான்.

விதிகள் மூன்று. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் பிடுங்கும். அதனால் சாப்பாடு அவர்கள் செலவு: சோறு, குழம்பு, பொரியல், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் படுக்கவோ உட்காரவோ வேண்டும், மருந்து உடம்பில் பிடிக்க. மூன்றாவது, அவனவன் பெயர் போட்ட டப்பாவிலிருந்து அவனவன்தான் சாப்பிட வேண்டும்.

முதல் இரண்டு விதிகளையும் பன்னிரண்டு பேரும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மூன்றாவதுதான் முதல் நாளே இடித்தது.

அந்தக் கும்பலில் ஒரு வழக்கம் உண்டு. எவன் எத்தனை மூட்டை தூக்கினாலும் அன்றைய கூலி மொத்தமும் ஒரு போசிப் பாத்திரத்தில் விழும். சாயங்காலம் அங்கண்ணன் அதைச் சமமாகப் பிரிப்பான். காய்ச்சலில் கிடப்பவனுக்கும் பங்கு உண்டு. லாரி முதலாளி எவனாவது வடை வாங்கிக் கொடுத்தால், வடையும் போசிக்குத்தான். ஒருமுறை ஒரு வியாபாரி பொங்கியண்ணனுக்கு மட்டும் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட, அதைப் பன்னிரண்டு பேரும் முறை வைத்துப் போட்டுக் கிழித்தார்கள்.

பன்னிரண்டு டப்பாவும் மூட்டைமேல் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, ஒருத்தன் மருந்து, ஒருத்தன் மாவு. இது நாயமா?" என்றான் பொங்கியண்ணன்.

"டாக்டரம்மா கலக்கக் கூடாதுன்னாங்களேப்பா," என்றான் குருநாதன். எதையும் சட்டப்படி பார்க்கிறவன். பங்கு பிரிக்கையில் எட்டணா குறைந்தாலும் விடமாட்டான்.

"அடுத்தவன் டப்பாவுல இருந்து திங்கக் கூடாதுன்னு சொன்னாங்க. டப்பாவுல இருந்தாத்தானே அது அவனவன் டப்பா? கொட்டிக் கலக்கிப்போட்டா?" என்றான் பொங்கியண்ணன்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அங்கண்ணன் கூலிப் போசியைத் துண்டால் துடைத்தான். டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். கரண்டிக் காம்பால் நன்றாகக் கிண்டினான். பிறகு எண்ணிப் பிரித்துப் பன்னிரண்டு டப்பாவிலும் திரும்பப் போட்டான். ஏதோ கோயில் காரியம் முடித்த மாதிரி எல்லோருக்கும் மனசு லேசானது. அன்றிலிருந்து புது மாத்திரை வரும்போதெல்லாம் போசிதான்.

மருந்து வேலை செய்தது. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக வேலை செய்தது. சித்திரை வருவதற்குள் ஒருவன்கூட ஐம்பதைத் தாண்டவில்லை. கதவு நாள் பூராவும் பச்சையாகவே நின்றது. அங்கண்ணன் சாயங்காலம் வீட்டுக்குப் போய் வேலாத்தாவின் குடத்தை வாங்கினான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, "என்ன, குடிச்சிருக்கியா?" என்றாள்.

வைகாசி நடுவில் ஒருநாள் டாக்டர் மிருதுளா கிடங்குக்கு வந்தார். முகம் சரியில்லை. எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரம். மாவு டப்பா யாருடையது, மருந்து டப்பா யாருடையது என்ற ரகசியத்தைக் கம்பெனி அன்று காலையில்தான் பிரித்திருந்தது.

"அண்ணா, மருந்துல நாங்க ஒரு அடையாளச் சரக்கு சேர்த்திருக்கோம். ரத்தத்துல பார்த்தா, சாப்பிட்டவங்களுக்கு இருக்கும், மாவு சாப்பிட்டவங்களுக்கு இருக்கவே கூடாது. இங்க பன்னிரண்டு பேருக்கும் இருக்கு. அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவு. எப்படி?"

அங்கண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தான் கிண்டியது அவ்வளவு சுத்தமா! எழுந்து போய்ப் போசியை எடுத்து வந்து காட்டினான்.

"இதுலதானுங்கம்மா. ஒருத்தனுக்குக்கூட எச்சுக் கம்மி இல்லாமப் பாத்துக்கிட்டேன்."

டாக்டர் போசியைப் பார்த்தார். அங்கண்ணனைப் பார்த்தார். மஞ்சள் மூட்டைமேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டில் மஞ்சள் அப்பியது.

"அம்மா, தண்ணி வேணுங்களா?" என்றான் பொங்கியண்ணன். "இல்ல, மாத்திரை வேணுங்களா? பங்கு போட்டுக்கலாம்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மூணு மாச வேலைண்ணா. இனி இந்த மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு சாமியாலகூடச் சொல்ல முடியாது."

"செஞ்சுதுங்களே! என்ற பிடரியப் பாருங்க, நாப்பத்திரெண்டு!"

டாக்டர் கையிலிருந்த கணினிப் பலகையில் எண்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "சித்திரையில மாத்திரைப் பெட்டி வழியில சிக்கிக்கிட்டு லேட்டாச்சே, ஞாபகமிருக்கா? பத்து நாள் உங்ககிட்ட மாத்திரையே இல்ல."

"ஆமாங்க. சாப்பாடு மட்டும் வந்துச்சு. நாங்க விதிய மீறலீங்க. தின்னுபோட்டு அரை மணி நேரம் ஒழுங்காப் படுத்துக்கிட்டோம்."

"அந்தப் பத்து நாளும் உங்க எண்ணு ஏறவே இல்லண்ணா. இன்னும் இறங்கியிருக்கு."

பன்னிரண்டு பேரும் அவரவர் எச்சில் தட்டைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்த மாத்திரை எதுக்குங்கம்மா? சோத்துக்குத் தொட்டுக்கறதுக்கா?"

சாயங்காலமே டாக்டரின் பலகையில் கம்பெனி மேனேஜரின் முகம் தோன்றியது. குளிர்சாதன அறையில் சால்வை போர்த்திக்கொண்டு பேசினார். டாக்டர் பத்து நாள் கணக்கை எடுத்துச் சொன்னார். சாப்பாடும் ஓய்வும்தான் வேலை செய்திருக்கிறது என்றார்.

"டாக்டர், அரை மணி நேரத்தை நான் டப்பாவில் போட்டு விற்க முடியுமா?" என்றார் மேனேஜர். "விதியை மீறியது அவங்க. சோதனை செல்லாது. செல்லாத சோதனைக்குப் பணம் கிடையாது. முடிஞ்சுபோச்சு."

முகம் மறைந்தது. டாக்டர் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"மருந்து தோத்துப்போச்சுன்னு வெளிய வர்றதைவிட, நீங்க கெடுத்துட்டீங்கன்னு வர்றதுதான் அவங்களுக்கு லாபம். அடுத்த வருஷம் கடையில வந்துடும் பாருங்க. 'சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு அரை மணி ஓய்வெடுக்கவும்'னு அட்டையில பொடி எழுத்துல போட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்கிறவங்களுக்கு மருந்து நல்லா வேலை செய்யும்." பிறகு, "எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதி உங்க மண்டிக்காரங்களுக்கும் ஒண்ணு கொடுத்துட்டுத்தான் போவேன். பாதிச் செலவு அவங்களோடது," என்றார்.

மற்றவர்களுக்கு இரண்டு லட்சம் போனது வருத்தம்தான். வராத பணம், வரவில்லை, அவ்வளவுதான். அங்கண்ணனுக்கு மட்டும் காலடியில் வீடு நழுவியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. எல்லாம் சேமிப்பு என்று அளந்த வாய்.

சோதனை முடிந்துவிட்டது என்று மறுநாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டார் நல்லமுத்து. டாக்டர் கொடுத்த காகிதத்தைத் தராசுத் தட்டின் ஆட்டத்தை நிறுத்த அடியில் மடித்துச் செருகினார். அரை மணி ஓய்வும் போயிற்று. பழையபடி ஒரு டீ, ஒரு பன், நாலு மணி வரை மூட்டை.

ஒரு வாரம்கூட ஓடவில்லை. குருநாதனுக்குச் சிவப்பு. அடுத்து இன்னும் இருவருக்கு. வைகாசி கடைசி நாள் மத்தியானம் எட்டுப் பேருக்குக் கதவு திறக்கவில்லை. அங்கண்ணனுக்கு எழுபத்தொன்று.

வெளியே ஆளில்லா லாரிகள் வரிசை கட்டி நின்றன. பழைய காலத்து லாரி என்றால் ஓட்டுநருக்கு ஒரு டீயும் பீடியும் கொடுத்து ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். இதுகளுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நின்ற நேரத்துக்கு மணிக்கு இத்தனை என்று நல்லமுத்துவின் கணக்கிலிருந்து பணத்தை உறிஞ்சிக்கொண்டு, நெற்றியில் பச்சை விளக்கோடு, மாடு மாதிரி நின்றன.

நல்லமுத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடி வந்தார்.

"என்றா அங்கண்ணா, ஆளுக ஒக்காந்துக்கிட்டிருக்கறீங்க?"

"கதவு தொறக்க மாட்டேங்குதுங்க மொதலாளி."

"பச்சையா இருக்கற நாலு பேராச்சும் தூக்குங்கடா!"

"நாலு பேரு தூக்குனா நாலு பேருக்கும் பொழுதுக்குள்ள செவப்பாயிருங்க. பொறவு நாளைக்கு யாருங்க?"

நல்லமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாயம் பேசறியா? இன்னிக்கு வைகாசி கடைசிடா! ஒரு லட்சத்தி எழுவத்திநாலாயிரத்தி முந்நூறு எங்க? பொழுது சாஞ்சா ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துப்போடு, ஆமா!"

அங்கண்ணன் தரையைப் பார்த்தான். பதினொரு பேரும் அங்கண்ணனைப் பார்த்தார்கள்.

"என்ன கடன் மாமா?" என்றான் பொங்கியண்ணன்.

"கல்யாணக் கடன்," என்றான் அங்கண்ணன், துண்டுக்குள்.

"சேமிப்புன்னியே?"

"மொதலாளியோட சேமிப்பு."

பொங்கியண்ணன் எழுந்தான். பச்சையில் இருந்த நால்வரில் அவனும் ஒருவன். சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுத்து உதறி, அங்கண்ணன் பக்கத்தில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தான். மற்ற மூன்று பச்சையும் அதேபோல உட்கார்ந்தன.

"நீங்க எதுக்குடா ஒக்கார்றீங்க? உங்களுக்குத்தான் வலி இல்லியே!" என்று அலறினார் நல்லமுத்து.

"பங்குங்க மொதலாளி," என்றான் பொங்கியண்ணன். "எங்களுக்குள்ள வலியும் பங்குதான்."

வெளியே ஒரு லாரி பீப் என்றது. ஒரு மணி நேரக் காசு போய்விட்டது என்று அர்த்தம். நல்லமுத்து வாசலைப் பார்த்தார். கணக்குப் போடுவதில் அவர் கெட்டிக்காரர். உதடு அசைய ஒரு தரம் போட்டார். தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டார். ஒருநாள் லாரி நின்ற வாடகையே அங்கண்ணனின் கடனைத் தாண்டியது. போய்த் தராசுக்கு அடியில் கிடந்த காகிதத்தை உருவிப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல்தடவையாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தார்.

"சோறு போட்டா எறங்கீருமாடா?" என்றார், குரலும் இறங்கி.

"சோறும் அரை மணி நேரமும்ங்க. தெனமும்," என்றான் பொங்கியண்ணன். "முட்டையோட. அப்பறம் மாமனோட கடன் தள்ளுபடி, ஊட்டுப் பத்திரம்."

"பத்திரமா? அது எந்த ஆராய்ச்சிலடா வருது?"

"ஊடு போயிருமோன்னு நெனச்சா வலி ஏறுமுங்க. மேஸ்திரி பிடரியப் பாருங்க. எழுவத்தொண்ணு இப்ப எழுவத்தெட்டு."

பொய்யில்லை. வலிமானி பொய் சொல்லாது.

இன்னொரு லாரி பீப் என்றது. நல்லமுத்து ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம். பிறகு ஆள் அனுப்பிப் பீரோவைத் திறக்கச் சொன்னார்.

பத்திரம் அங்கண்ணன் கைக்கு வந்தது. பின்னாலேயே மெஸ்ஸிலிருந்து சோற்று அண்டாவும் வந்தது. வயிறு முட்டத் தின்று மூட்டையில் சாய்ந்ததும் எண்கள் மெல்ல மெல்ல இறங்கின. அங்கண்ணன் முட்டையைக் கடைசியில் தின்னலாம் என்று தட்டோரம் ஒதுக்கி வைத்திருந்தான். ஐம்பத்தைந்து. ஐம்பத்துமூன்று. கதவு பச்சையானது.

"மாமா," என்றான் பொங்கியண்ணன், விரலை நக்கிக்கொண்டே. "ஒரு நாயம் பேசோணும். இன்னிக்கு உனக்கு ஒரு லட்சத்தி எழுவத்திநாலாயிரத்தி முந்நூறு தள்ளுபடி. அது வரவா, இல்லியா?"

"வரவுதான்," என்றான் அங்கண்ணன் யோசிக்காமல்.

"வரவுன்னா போசிக்கு வரோணுமில்ல?"

அங்கண்ணன் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். வழக்கம் அவனே கட்டிக்காத்தது. சட்டையைக்கூட விடாமல் பங்கு போட்டவன். ஒருவனுக்குத் தரவேண்டியது போய் இப்போது பதினொரு பேருக்கு. பிடரி சுருக்கென்றது. கிடங்குக் கதவில் பளிச்சென்று சிவப்பு எரிந்தது.

பதினொரு பேரும் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பயப்படாத மாமா. கல்யாணத்துல நான் மூணு தட்டு பிரியாணி தின்னேன். இவன் ரெண்டு தட்டுத் தின்னுபோட்டுத் தூக்குல வேற கொண்டுபோனான். அந்தக் கடன் மொத்தமும் எங்க வயித்துக்குள்ளதான் போச்சு. பங்கு அன்னிக்கே பிரிச்சாச்சு."

"நான் திங்கல," என்றது ஒரு குரல்.

குருநாதன். எல்லோரும் திரும்பினார்கள்.

"கார்த்திகையில நான் மாலை போட்டிருந்தேன். மறந்துட்டீங்களா? எனக்கு எலையில விழுந்தது தயிர்ச் சோறு. என்ற பங்கு இன்னும் நிக்குது."

நியாயம் நியாயம்தான். அங்கண்ணன் தட்டோரம் கிடந்த முட்டையை எடுத்தான். அதை ஒருதரம் பார்த்தான். கையை நீட்டிக் குருநாதன் தட்டில் வைத்தான்.

குருநாதன் அதை இரண்டாகப் பிட்டு உப்புத் தொட்டுத் தின்றான். கையைத் துடைத்துக்கொண்டு, "தீந்துதுங்க மேஸ்திரி," என்றான்.

கதவு பச்சையானது.